கிட்வாய் நகரில் நான் வசிக்கவில்லை

“அரசாங்கம் எதுக்குன்னு படிக்கறதுக்கு ஒருத்தி டில்லிக்கு வருவாளாம்மா? ஊர்க்காரன் நாலு பேரு நல்லா இருந்தா போதும், அரசாங்கமே தேவையில்ல. இதைப் படிச்சு இன்னா பண்ணப்போற நீ?”

இதைச் சொன்னவர் முப்பத்திரண்டு வருடமாக மத்திய அரசிடம் சம்பளம் வாங்குகிறவர். சொன்ன இடம், கிட்வாய் நகரில் அரசாங்கம் அவருக்கு ஒதுக்கியிருந்த குவார்ட்டர்ஸின் முன்னறை. தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி அரசாங்கத்துடையது. அவர் சாய்ந்திருந்த நாற்காலியும் அலுவலகத்திலிருந்து வந்ததுதான் என்று பிறகு அவர் மகள் சொன்னாள். அன்று நான் டில்லிக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தேன். எனக்கு முன் என் குடும்பத்தில் யாரும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதில்லை என்பதால் அவருக்கு என்மேல் இரக்கம். எனக்கு அவர்மேல் அப்போதே கொஞ்சம் வெறுப்பு. ஆனாலும் சிரித்துவைத்தேன். அவரிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

“சார், முகவரிக்கு...” என்று இழுத்தேன்.

“சார் என்ன சார்? மாமான்னு கூப்புடு. நம்ம தாலுக்காப் பொண்ணு. என் அட்ரஸ் போட்டுக்க. பத்துப் பேரு போட்டிருக்கானுங்க, நீ பதினொன்னு.”

“சரி சார்” என்றேன்.

டில்லித் தமிழர்களிடம் இருக்கும் இந்த வழக்கத்தை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். ஊரிலிருந்து படிக்கவோ வேலை தேடியோ வருகிறவர்களுக்கு வாடகை அறை கிடைத்துவிடும், முகவரி கிடைக்காது. நான் அறை எடுத்திருந்த முனிர்காப் பகுதியில் வாடகைக்கு விடுகிறவர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டார்கள். தாள் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கேஸ் இணைப்பு இல்லை, ஆதாரில் முகவரி மாற்ற வழியில்லை. அதனால் அரசு வேலையில் இருக்கும் ஓர் ஊர்க்காரரின் குவார்ட்டர்ஸ் முகவரியைப் போட்டுக்கொள்வோம். அந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தூங்கியிருக்க மாட்டோம். ஆனால் அரசாங்கத்தின் ஏடுகளில் எல்லோரும் அந்த இரண்டு அறைகளில்தான் நெருக்கியடித்துப் படுத்துக்கிடப்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தபால் வாங்கப் போக வேண்டும். கடிதங்களையெல்லாம் அவர் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு பழைய தயிர் வாளியில் போட்டு வைத்திருப்பார். வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்து, “இன்னாடா, பேங்க்குக்காரன் உன்னையே நினைச்சிகினு இருக்கான்” என்று ஏதாவது சொல்லிக் கையில் கொடுப்பார். வாங்குகிறவன் சிரிக்க வேண்டும். சிரித்தோம். ஒருவன் அவருக்கு மார்க்கெட் போய்வந்தான், இன்னொருவன் ஏ.சி. பழுது பார்த்தான். நான் எட்டாவது படிக்கும் அவர் மகளுக்கு இரண்டு வருடம் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை. கேட்காமல் செய்ய வைப்பதுதானே பெரியமனிதத்தனம்.

அந்தப் பெண்ணின் பாடப் புத்தகத்தில் ‘நமக்கு அரசாங்கம் ஏன் தேவை?’ என்று ஒரு பாடம். டில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது.

“அக்கா, பாயிண்ட் பாயிண்ட்டா சொல்லு. ரோடு, ஸ்கூல், ஹாஸ்பிட்டல். ஔர் க்யா? வேற என்ன?”

“இப்ப நீ இருக்கற வீடு.”

“அது பப்பாவோட வீடு.”

உள்ளிருந்து அவர் சிரித்தார். “சரியாச் சொன்னா பாரு எம் பொண்ணு!”

எனக்கு ஏன் முகவரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள். தை பிறந்தால் சூளைக்குப் போவார்கள், மழை வந்தால் திரும்புவார்கள். திரும்பிவர ஏரிப் புறம்போக்கில் ஒரு வீடு இருந்தது. மண் சுவர், மேலே தகரம், பட்டா கிடையாது. நான் அரசு விடுதியில் தங்கிப் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தபோது அதன் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆளான நான் நாற்பது கிலோமீட்டர் தள்ளி விடுதியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா நோட்டீஸைக் கிழியாமல் பிரித்தெடுத்து, ஊரில் கட்சிக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனார். அவர் படித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நீ போ, நான் பேசிக்கிறேன்” என்றாராம்.

பேசினாரா என்று இன்றுவரை தெரியாது. பதினாறாம் நாள் ஜேசிபி வந்தது. அவர் கெட்டவர் இல்லை. இடித்த அன்று மதியம் எங்கள் தெருவுக்கே சாப்பாடு போட்டார். அம்மா இன்னும் அதைச் சொல்லி அவரை வாழ்த்துவாள்.

இதையெல்லாம் எங்கள் துறையில் ஒருவனிடம் ஒருமுறை சொல்ல நேர்ந்தது. என்னோடு ஆராய்ச்சி செய்கிறவன். அப்பா பெரிய வக்கீல், தெற்கு டில்லியில் சொந்த வீடு. அரசு என்பதே வன்முறை, மக்கள் தங்களுக்குள் உதவிக்கொண்டு சின்னச் சின்னக் குழுக்களாக வாழ்ந்துவிடலாம் என்பது அவன் ஆய்வு. மதிய வேளைகளில் டீக்கடை மரத்தடியில் அதை விளக்குவான். ஒருமுறை மெட்ரோ வாசலில் அவன் கைபேசியை யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்தக் குழுவிடமும் அவன் போகவில்லை, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் ஓடினான். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தும் எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று திரும்பிவந்து கத்தினான். அரசு தேவையில்லை என்ற கட்டுரையின் ஒரே பிரதி அந்தப் போனில்தான் இருந்ததாம்.

“உன் வீட்டையே அரசுதானே இடித்தது? அதற்குப் போய் வக்காலத்து வாங்குகிறாயே” என்றான் என் கதையைக் கேட்டு.

“அரசு நோட்டீஸ் ஒட்டியது. அந்தத் தாளோடு சண்டை போட ஒரு வழி இருந்தது. எங்களுக்கு அது தெரியவில்லை, இப்போது எனக்குத் தெரியும். ‘நான் பேசிக்கிறேன்’ என்று சொன்னவரோடு எப்படிச் சண்டை போடுவாய்?”

“அது சமூகத்தின் பிணைப்பு. அதை நீ கொச்சைப்படுத்துகிறாய்.”

“உன் பாஸ்போர்ட்டில் யார் முகவரி இருக்கிறது?”

“எங்கள் வீட்டு முகவரி. அதற்கென்ன?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். சொந்தக் கதவு இருக்கிறவனுக்குக் கதவு கண்ணில் படாது.

எங்கள் படிப்பில் ஒரு பழைய வாதம் உண்டு. அரசு இல்லையென்றால் ஒவ்வொருவரும் மற்றவர் கழுத்தைப் பிடிப்பார்கள், அந்தப் பயத்தினால்தான் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பெரிய பலசாலியை ஏற்படுத்தி அவனுக்குக் கீழ்ப்படிகிறோம் என்பது அதன் சாரம். முதல் வருடம் இதைப் படித்தபோது எழுதியவர்களுக்கெல்லாம் பூட்டுப் போட்ட வீடுகள் இருந்திருக்கும் என்று தோன்றியது. திருடனுக்குப் பயப்படவும் ஒரு வீடு வேண்டும். எங்களிடம் யாரும் கத்தியைக் காட்டிப் பிடுங்கியதில்லை. சூளை முதலாளி தீபாவளிக்குப் புடவை கொடுத்தார். கட்சிக்காரர் சோறு போட்டார். கிட்வாய் நகர்க்காரர் முகவரி கொடுத்தார். எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள், அவர்களுக்குச் சௌகரியப்பட்ட வரைக்கும். கெட்டவனிடமிருந்து காப்பாற்ற அரசு வேண்டும் என்று எழுதியவர்கள் நல்லவனிடமிருந்து யார் காப்பாற்றுவது என்று யோசிக்கவேயில்லை. என் ஆய்வின் இரண்டாம் அத்தியாயம் இதுதான். அதை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். ஒரு வருடம் அங்கே வந்து எழுது என்று பதில் வந்தது.

பாஸ்போர்ட் வேண்டும். ஆதாரில், வங்கியில், எல்லாவற்றிலும் கிட்வாய் நகர். அதையே எழுதி விண்ணப்பித்தேன். போலீஸ் விசாரணைக்கு வருவார்கள், வந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், அரை மணி நேரத்தில் வந்து நிற்பேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

“அச்சா அச்சா. அதெல்லாம் நான் பேசிக்கிறேன். நீ போயி புக்கப் படி.”

அந்தச் சொற்களைக் கேட்டதும் எனக்குத் திக்கென்று இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அரசியல் தத்துவம் படித்தவள் நிம்மதியாக முனிர்காவுக்குத் திரும்பினேன்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்டில் வகுப்பு தொடங்க ஆறு வாரம்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தபால் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் மூன்று பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாளியை எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமலே, “உனக்கு ஒன்னும் இல்லம்மா” என்றார்.

அவர் மகள் மேஜையிலிருந்து நிமிர்ந்தாள். “பப்பா, அக்காவோடது ஹை நா? அடியில வச்சீங்களே, வோ ப்ரௌன்வாலா.”

நானே எழுந்து வாளியின் அடியிலிருந்து அந்தக் காக்கி உறையை எடுத்தேன். பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. இந்த முகவரியில் விசாரித்ததில் நான் இங்கே வசிக்கவில்லை என்று தெரியவந்திருப்பதாகவும், தவறான தகவல் தந்ததற்கு விளக்கம் அளிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. இங்கே நான் இல்லை என்று சொல்லும் கடிதம் என் பெயருக்கு இங்கேயே வந்து சேர்ந்திருந்தது.

“போலீஸ் எப்ப வந்தாங்க சார்?”

“வந்தான்மா ஒருத்தன். ரெண்டு வாரம் முன்ன ஒரு சனிக்கிழமை. நான் சாப்ட்டுகினு இருந்தேன். ஜல்தியில...”

“இன்னா சொன்னீங்க?”

மகள்தான் சொன்னாள். அவளுக்கு அது ஒரு வேடிக்கை. “பப்பா சொன்னாங்க, அப்படி யாரும் இங்க இல்ல, பேரே கேட்டதில்லன்னு. நான் உள்ளேர்ந்து கேட்டேன் அக்கா. சச்சி! உன் பேரு மறந்துட்டாங்க போலன்னு நினைச்சேன்.”

“நீ உள்ள போ!” என்று மகள்மேல் பாய்ந்தார். அவள் புத்தகத்தோடு உள்ளே போனாள். அவர் என் பக்கம் திரும்பி, குரலை இறக்கினார். “இந்த மாசம் பூரா செக்கிங்மா. குவார்ட்டர்ஸை வாடகைக்கு விட்டிருக்கறாங்களான்னு பாக்கறதுக்கு ஆபீஸ்லேர்ந்து ஆளு வர்றான். பக்கத்து பிளாக்ல ஒருத்தருக்கு நோட்டீஸ் வந்துடுச்சு. எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகறேன். யூனிஃபார்மைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சப்லெட்னு எழுதிட்டான்னா என் பென்ஷன் போச்சு.”

“அதுக்குப் பேரே கேட்டதில்லன்னு சொல்லணுமா?”

“நான் வேணும்னா சொன்னேன்? உடு. போலீஸ் ஹெட்குவார்ட்டர்ஸ்ல நம்ம ஜில்லாக்காரர் ஒருத்தர் இருக்கறாரு. ஒரு போன் போட்டா ரிப்போர்ட்டையே மாத்திடுவாங்க. நான் பேசிக்கிறேன்.”

“வேணாம் சார்.”

“இன்னா வேணாம்?”

“நீங்க பேச வேணாம். நான் எழுதிக்கிறேன்.”

“எழுதப் போறியா? யாருக்கு? இன்னான்னு?”

மூன்று பையன்களில் மூத்தவன், துணை ராணுவத் தேர்வுக்குப் படிப்பவன், எழுந்தே விட்டான். “அக்கா, ஒரு நிமிஷம். நீங்க பாட்டுக்கு எழுதிட்டுப் போயிடுவீங்க. எங்க ஆதாரெல்லாம் இந்த அட்ரஸ்லதான் இருக்கு. எனக்கும் வெரிஃபிகேஷன் வரும்.”

“வந்தா உன்னையும் பேரே கேட்டதில்லன்னு சொல்லுவார். அப்ப இன்னா பண்ணுவ?”

“மாமா அப்படிச் சொல்ல மாட்டாரு” என்றான், அவரைப் பார்த்துக்கொண்டே. அவர் தயிர் வாளியைப் பார்த்தார்.

அவர் எழுந்து என் அருகே வந்தார். அரசாங்கமே தேவையில்லை என்று சொன்ன மனிதர் இரண்டு கையையும் கூப்பினார். “பாத்து எழுதும்மா. நீ சொல்ற ஒரு வார்த்தையிலதான் இருக்கு. கொஞ்சம் தயவு பண்ணு.”

எனக்கு அந்தக் கணத்தில் ஓர் ஆசை வந்ததை மறைக்க மாட்டேன். ‘நீங்க கவலைப்படாதீங்க, நான் பேசிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. எட்டு மாதமும் அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கலாம். அது எவ்வளவு சுவையான வாக்கியம் என்று அன்றுதான் தெரிந்தது. ஏன் இத்தனை பேர் அதை வாயில் வைத்துக்கொண்டே திரிகிறார்கள் என்றும் தெரிந்தது. சொல்லவில்லை. உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் ஒன்று உறைத்தது. நான் அங்கே வசிக்கவில்லை என்று அவர் சொன்னது உண்மை. என் பெயரைக் கேட்டதே இல்லை என்றது மட்டும்தான் பொய். அந்த வீட்டு முகவரியை எழுதிக்கொடுத்து மூன்று வருடமாக அரசாங்கத்திடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அரசு மனிதருக்கு ஏன் தேவை என்று இருநூறு பக்கம் எழுதிய நான், அந்த அரசுக்கு என் தூங்குமிடத்தைக்கூட உண்மையாகச் சொல்லவில்லை. அவரைத் திட்ட வைத்திருந்ததில் நல்ல பங்கு எனக்கே மிஞ்சியது.

இன்னொன்றும் புரிந்தது. நான் அங்கே ஒருநாளும் தங்கியதில்லை என்று நானே எழுதிக்கொடுத்தால் வீட்டை வாடகைக்கு விட்டார் என்று அவர்மேல் எப்படிக் குற்றம் வரும்? அவரைக் காப்பாற்றக்கூடியது என் உண்மை ஒன்றுதான். அத்தனை வருடம் கோப்புகளைப் புரட்டியவருக்கு இது தோன்றவில்லை. உண்மையை எழுதிக்கொடுத்து ஒரு காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்பதே அவர் அனுபவத்தில் இல்லை போலும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “அந்த சாரு நல்லவருதானே? அவரை விட்டுடாத. பெரிய மனுசங்க தயவு வேணும்” என்றாள். சூளைச் சத்தம் பின்னால் கேட்டது. அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை. தயவைத் தவிர வேறெதையும் யாரும் அவளுக்குக் காட்டியதில்லை.

முனிர்காவில் என் அறை மூன்றாம் மாடியின் பின்பக்கம். வீட்டுக்காரம்மாவிடம் வாடகை ஒப்பந்தம் கேட்டேன். ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருக்கிறேன். மோட்டார் எப்போது போடுவது, யார் வரலாம், கதவை எப்போது பூட்டுவது என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி சொன்னார்: “காகஸ் க்யூன் பேட்டா? யஹாங்கி சர்க்கார் தோ ஹம் ஹைன்.” தாள் எதற்கு, இங்கே அரசாங்கமே நாங்கள்தான் என்று பொருள். கிட்வாய் நகர்க்காரரைவிட இவர் நேர்மையானவர். மாமி என்று கூப்பிடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாடகைக்குக் குடியிருப்பவர்களைப் பற்றி வீட்டுக்காரர் போலீசில் பதிவுசெய்ய வேண்டும். எங்கள் கட்டடத்தில் யாரும் செய்ததில்லை. படிவத்தை நானே நிரப்பிக் கொண்டுபோயிருந்தேன். மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் கான்ஸ்டபிள் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

“வீட்டுக்காரர் எங்கே?” என்றாள் இந்தியில்.

“வர மாட்டார்.”

“அப்புறம் நீ ஏன் வந்தே? வாடகைக்காரங்க யாரும் தானா வர்றதில்ல. ஏதாவது தப்புப் பண்ணியா?”

“ஆமாம். பொய் முகவரி கொடுத்தேன். இப்ப நிஜ முகவரி கொடுக்க வந்திருக்கேன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, மதராஸிகள் எல்லாம் இப்படித்தானா என்று கேட்டாள். நாளைக்கு வா என்றாள். செவ்வாய்க்கிழமை போனேன், பெரிய அதிகாரி இல்லை என்றாள். புதன்கிழமை போய் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். மதியச் சாப்பாடு முடிந்து வந்தவள் நான் இன்னும் இருப்பதைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். படிவத்தைப் பிடுங்கினாள், நம்பர் போட்டாள், நகலில் முத்திரை குத்தி என் பக்கம் தள்ளினாள்.

அவளுக்கு என்னைத் துளியும் பிடிக்கவில்லை. எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை. அவள் மாமா முறை கொண்டாடவில்லை, நான் சிரிக்கவில்லை, அவள் மகளுக்குப் பாடம் சொல்லித்தரவில்லை. ஆனாலும் முத்திரை விழுந்தது. மூன்று நாள் இழுத்தடித்தாள், அதற்காக அவளை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நான்காம் நாளும் போயிருப்பேன், அது அவளுக்கும் தெரிந்திருந்தது. என்னைப் பிடிக்காத ஒருத்தி எனக்குச் செய்தே ஆக வேண்டிய ஒரு காரியம் உலகத்தில் உண்டு. இதற்குத்தான் அரசு வேண்டும். மரத்தடியில் டீ குடிக்கிறவனின் குழுவில் என்னை யாருக்கும் பிடிக்காமல் போனால் நான் எங்கே போவேன் என்று கேட்டால் அவனிடம் பதில் இருக்காது. அவனை எல்லோருக்கும் பிடிக்கும்.

பாஸ்போர்ட் அலுவலகத்துக்கான விளக்கத்தை அன்றே எழுதினேன். ஒரு பக்கம்தான். கிட்வாய் நகரில் நான் வசிக்கவில்லை, ஒருநாளும் வசித்ததில்லை. அந்த முகவரியைக் கொடுத்தது என் தவறு. வீட்டின் எந்தப் பகுதியும் எனக்கு வாடகைக்கு விடப்படவில்லை. முனிர்காவில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன், வீட்டு உரிமையாளர் ஒப்பந்தம் தரவில்லை, போலீசில் பதிவுசெய்த நகலை இணைத்துள்ளேன், நேரில் வந்து விசாரிக்கவும். அபராதம் உண்டென்றால் கட்டுகிறேன். அந்தப் பெரிய மனிதர் எனக்கு முகவரி கொடுத்த கதையை எழுதவில்லை. அவர்மேல் இரக்கப்பட்டு அதை விட்டுவிடவில்லை. என் தவறைப் பற்றிய கடிதத்திலும் அவர் தயவுக்கு ஒரு வரி ஒதுக்க எனக்கு மனமில்லை.

வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் வரிசையில் நின்று கொடுத்தேன். கவுன்டரில் இருந்தவர் படித்துவிட்டு, “இதை எழுதிக் கொடுத்தா உங்களுக்குத்தான் சிக்கல், தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். பாஸ்போர்ட் நேரத்துக்கு வருமா என்று கேட்டதற்கு, விசாரணை முடிந்தால்தான் சொல்ல முடியும் என்றார். அவர் ‘நான் பேசிக்கிறேன்’ என்று சொல்லாதது எனக்குப் போதுமாக இருந்தது.

அன்று மதியம் கிட்வாய் நகரிலிருந்து போன். “இன்னாம்மா எழுதின?” என்றார். நான் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினேன்.

“என்னைப் பத்தி ஒன்னும் இல்லியே.”

“இல்ல சார்.”

“நல்லா எழுதியிருக்க. ஞாயித்துக்கெழம வா, எம் பொண்ணுக்குப் பரீட்சை இருக்கு.”

“வர மாட்டேன் சார். இனிமே எனக்கு அங்க தபால் வராது.”

மகள் வேண்டுமானால் இங்கே வரட்டும் என்றேன். வழியும் சொல்லிக்கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

முனிர்காச் சந்துகளில் கதவு எண் ஒழுங்காக இருப்பதில்லை. என் கட்டடத்தில் எந்த அறைக்கதவிலும் பெயர் கிடையாது. பெயர் இருந்தால் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று வீட்டுக்காரம்மாவுக்குப் பயம். வருகிற போலீஸ்காரர் தேடிவிட்டுத் திரும்பிப் போய்விடக் கூடாதே என்று ஒரு தாளில் என் பெயர், மூன்றாம் மாடி, பின் அறை என்று இந்தியில் எழுதிக் கதவில் ஒட்டினேன். மோட்டார் போட மேலே வந்த வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

“யே க்யா லகாயா?” என்று கேட்டார், இது என்ன ஒட்டியிருக்கிறாய் என்று.

“மேரா பதா” என்றேன். என் முகவரி.

அவர் தாளைக் கிழித்துக் கசக்கி மாடிப்படியில் எறிந்தார். சந்து முனையில் இருக்கும் பெயின்ட் கடைக்குப் போய்ச் சின்ன டப்பா கறுப்பும் ஒரு தூரிகையும் வாங்கிவந்து, கதவின் மரத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன்.